ஒரே அறையில் மூன்று வகுப்பு: புதிய வருடத்தை எப்படித் தொடங்குவது?



புதிய பாடசாலை வருடம் என்றால் லயத்துப் பக்கம் ஒரு தனிச் சுறுசுறுப்பு வந்துவிடும். கொப்பிக்கு உறை போடுவார்கள், சீருடைத் துணியைத் தையல்காரரிடம் கொடுப்பார்கள், போன வருடத்துச் சப்பாத்து காலுக்குப் போகுமா என்று பார்ப்பார்கள். நம் நாட்டில் ஜனவரியில் தொடங்குவதுதான் வழக்கம். 2020 இல் கொரோனா வந்தபின் சில வருடங்கள் தவணைகள் தள்ளித் தள்ளிப் போனதை நீங்கள் அறிவீர்கள்.

இந்தச் சுறுசுறுப்போடு ஒரு கவலையும் வருகிறது. அண்மையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு தாய் நம்மை நிறுத்திக் கேட்டார்.

"ஐயா, எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் மூணு வகுப்பை வச்சிக்கிட்டு இருக்காங்க. ஒரு வகுப்புக்குச் சொல்லிக் குடுக்கிறப்ப மத்த ரெண்டும் சும்மாதானே குந்திக்கிட்டு இருக்கும்? டவுன் ஸ்கூலுக்கு மாத்திடலாம்னு பாக்குறோம்."

"வேன் காசுக்கு என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டோம்.

"சீட்டு எடுத்திருக்கேன் ஐயா."

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. பல தோட்டங்களிலே இதே பேச்சு. ஆகவே இம்முறை இதைப் பற்றியே எழுதுகிறோம்.

ஏன் வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறார்கள்?

ஒரே ஆசிரியர் ஒரே அறையில் இரண்டு மூன்று தரப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதை நாம் கூட்டு வகுப்பு என்கிறோம். ஆசிரியர் பயிற்சியிலே இதற்குப் பல்தரக் கற்பித்தல் என்று பெயர். காரணம் எளிது. பிள்ளைகள் குறைவு, ஆசிரியர்களும் குறைவு. தரம் 1 இல் ஏழு பேர், தரம் 2 இல் ஐந்து பேர், தரம் 3 இல் எட்டுப் பேர் என்றால் ஒவ்வொரு தரத்துக்கும் ஓர் ஆசிரியர் கிடைப்பது கடினம்.

இது தோட்டத்துக்கு மட்டும் உள்ள தலையெழுத்து என்று எண்ண வேண்டாம். இலங்கையில் உள்ள பத்தாயிரத்துச் சொச்சம் அரசாங்கப் பாடசாலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஐம்பது பிள்ளைகளுக்கும் குறைவான சின்னப் பாடசாலைகள். அவற்றில் சிங்களக் கிராமங்களும் உண்டு, தமிழ், முஸ்லிம் கிராமங்களும் உண்டு.

நம் தோட்டப் பாடசாலைகளோ ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்புக்கு வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. அதன்படி எழும்பிய பல பாடசாலைகளில் ஓர் அறை, ஒரு வாத்தியார், அவ்வளவுதான். 1970களில் தொடங்கி அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. கட்டடம் வந்தது, ஆசிரியர்கள் வந்தார்கள். இருந்தும் சில இடங்களில் கூட்டு வகுப்பு இன்றும் இருக்கிறது.

ஆகவே கூட்டு வகுப்பு இருக்கிறதா என்பதைவிட, அதை எப்படித் தொடங்குகிறார்கள் என்பதுதான் முக்கியம். வருடத்தின் முதல் சில வாரங்களிலேயே நல்லதும் கெட்டதும் தீர்மானமாகிவிடும்.

கதிரவெளியில் கண்டது

இதைப் படித்தறிந்து மட்டும் சொல்லவில்லை. நாம் பிறந்தது மட்டக்களப்பு மாவட்டத்தின் வட கோடியில் உள்ள கதிரவெளி. வாகரையைத் தாண்டித் திருகோணமலைப் பக்கம் போகும் வழியில், வெருகல் ஆற்றுக்குத் தெற்கே, கடலோரமாக உள்ள ஊர். மீன்பிடியும் சேனைப் பயிரும்தான் சனத்தின் தொழில். நாம் முதலெழுத்துப் படித்தது ஒரு கிடுகுக் கொட்டிலில். மூன்று வகுப்புக்கும் ஒரே வாத்தியார்.

வருடத்தின் முதல் நாள் அவர் புத்தகத்தைத் தொடமாட்டார். எல்லோரையும் கடற்கரையில் சிப்பி பொறுக்கிவரச் சொல்வார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "மனே, எண்ணு பாப்பம், எதுவரைக்கும் போறாய்?" என்று கேட்பார். ஒருத்தன் பத்தில் நிற்பான், ஒருத்தி நூறைத் தாண்டிப் போவாள். நீ எந்த வகுப்பு என்று அவர் கேட்டதில்லை. எண்ணிய கணக்கைப் பார்த்தே அன்றைக்கு யார் யாரோடு உட்காருவது என்று முடிவு செய்வார். மூன்றாம் வகுப்பு அக்காமார் பக்கத்தில் இருந்துதான் நாம் கூட்டல் பழகினோம்.

பிற்காலத்தில் அந்த ஊர் பட்ட பாடு நாடறிந்தது. 2004 இல் சுனாமி. 2006 நவம்பர் 8 ஆம் திகதி, இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் ஷெல் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஊரே எழும்பி ஓடியது. 2007 இல் சனம் திரும்பி வந்து குடியேறியபோது பிள்ளைகள் மாதக்கணக்கில் படிப்பை இழந்திருந்தார்கள். ஒரே வயது, ஒரே தரம், ஆனால் ஒரு பிள்ளை வாசிக்கும், அடுத்த பிள்ளை எழுத்தையே மறந்திருக்கும். அந்த நிலையில் தரம் 3 புத்தகத்தை விரித்து முதலாம் பாடத்தில் தொடங்கினால் யாருக்குப் பிரயோசனம்?

நம் மலைநாட்டிலும் 2020, 2021 இல் இதுதான் நடந்தது. பாடசாலை மூடியது. கைத்தொலைபேசியில் பாடம் என்றார்கள். சிக்னல் பிடிக்க மலை உச்சிக்குப் போன பிள்ளையும் உண்டு, போனே இல்லாத வீடும் உண்டு. திரும்பி வந்தபோது ஒரு தரத்துக்குள்ளேயே மூன்று மட்டம் இருந்தது. இன்னொன்றையும் இங்கே ஞாபகப்படுத்த வேண்டும். 2021 ஒக்டோபரில் ஆரம்பப் பிரிவுகளைத் திறந்தபோது முதலில் திறந்தது 200 பிள்ளைகளுக்குக் குறைவான சின்னப் பாடசாலைகளைத்தான். பட்டணத்துப் பெரிய பாடசாலைகள் அதற்குப் பிறகே திறந்தன.

தரம் என்பது வயதைக் காட்டும் எண். பிள்ளை எதுவரை வந்திருக்கிறது என்பது வேறு விசயம். நல்ல கூட்டு வகுப்பு இந்த இரண்டாவதைப் பார்த்துத் தொடங்கும்.

பிற இடங்களில் எப்படிச் செய்தார்கள்?

இந்தியாவின் ஆந்திர மாநிலத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலி என்று ஓர் இடம். அங்குள்ளவர்கள் சுற்றுக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தினார்கள். பாடங்களைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து அட்டைகளில் எழுதி, ஏணிபோல வரிசைப்படுத்தினார்கள். பிள்ளை ஒரு படியை முடித்த பிறகுதான் அடுத்த அட்டையை எடுக்கும். காய்ச்சலாகி ஒரு வாரம் வராத பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட படியிலேயே தொடங்கலாம்.

இதைப் பார்த்து 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், 2007 முதல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் எட்டும் உயரத்தில் கரும்பலகை கிடைத்தது. ஒரு குழு ஆசிரியரோடு, இன்னொன்று கூட்டாளிகளோடு, மற்றொன்று தானாகவே படிக்கும். கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் அதே தமிழ்நாட்டில் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்தபோது, பிள்ளைகளின் மட்டங்களுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்தார்கள். மக்கு, கெட்டிக்காரன் என்று யாரையும் பிரிக்கவில்லை.

தென் அமெரிக்காவில் கொலம்பியா என்ற நாடு. நமக்குத் தேயிலை போல அவர்களுக்குக் கோப்பி. 1970களின் நடுவிலே அந்நாட்டின் சிறிய கிராமப் பாடசாலைகளுக்காக 'புதிய பாடசாலை' என்ற முறையை உருவாக்கினார்கள். கோப்பித் தோட்டங்கள் நிறைந்த மலைப் பகுதிகளிலும் அது நன்றாகப் பரவியது. அங்கும் வழிகாட்டிப் புத்தகம், சிறு குழு, அவரவர் வேகம் என்பதே அடிப்படை.

நம் நாட்டிலும் 1999 முதல் எங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில் தரம் 1, 2 ஒரு கட்டம், தரம் 3, 4 ஒரு கட்டம், தரம் 5 ஒரு கட்டம் என்று வைத்தார்கள். இரண்டு வருடத்தை ஒரே கட்டமாகப் பார்க்கலாம் என்பதுதான் இதன் கருத்து.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அட்டையும் பாயும் மட்டும் படிப்பித்துவிடாது. ஆசிரியர் ஒழுங்காக வரவேண்டும், பிள்ளையும் ஒழுங்காக வரவேண்டும். இரண்டில் எது தவறினாலும் எந்த முறையும் சரிவராது.

முதல் வாரங்களில் வகுப்பில் என்ன நடக்கும்?

ஒன்று, பார்த்தல். முதல் வாரம் ஆசிரியர் பிள்ளைகளை விளையாட விடுவார், கதை கேட்பார், பொத்தானையும் ஈர்க்குச்சியையும் எண்ணச் சொல்வார். "ஒரு வாரமா வெளையாட்டுத்தான் காட்டுறாங்க" என்று பெற்றோர் குறைப்படுவதுண்டு. அது வீண் விளையாட்டல்ல. எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அவர் குறித்துக்கொள்கிறார்.

இரண்டு, இடம் பிரித்தல். அறையில் ஒரு மூலை வாசிப்புக்கு, ஒரு மூலை கணக்குக்கு. கரும்பலகையைக் கோடு போட்டு மூன்றாகப் பிரிப்பார். எந்தப் பகுதி தனக்குரியது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் குழப்பம் பாதி குறையும்.

மூன்று, பழக்கம். ஆசிரியர் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்றக் குழுக்கள் என்ன செய்வது? சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்துப் பிள்ளையைக் கேட்பது, பிறகு சுவரில் உள்ள படத்தைப் பார்ப்பது, அப்போதும் விளங்காவிட்டால் ஆசிரியரிடம் போவது. வேலை முடிந்தால் எந்தப் பெட்டியில் வைப்பது, அடுத்து எதை எடுப்பது. இதைப் பழக்க இரண்டு மூன்று வாரம் எடுக்கும். அந்த வாரங்களில் வராத பிள்ளை வருடம் முழுவதும் தடுமாறும். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய் இருந்துவிட்டு மெதுவாக அனுப்பலாம் என்று நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

நான்கு, ஒரே பாடம், வேறு வேறு வேலை. இதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறோம். அன்றைய பாடம் கொழுந்து நிறுவை என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து நிமிடம் எல்லோரும் ஒன்றாக இருந்து அம்மா மலையில் என்ன செய்கிறார் என்று பேசுவார்கள். பிறகு மூன்று குழு.

தரம் 1 பிள்ளைகள், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிவந்த பத்துக் கொழுந்தை எண்ணி, பத்து என்று எழுதுவார்கள். ஆசிரியர் அவர்கள் பக்கத்தில் இருப்பார்.

தரம் 2 பிள்ளைகள் காலையில் 7 கிலோ, பகலில் 5 கிலோ, பின்னேரம் 8 கிலோ என்று கூட்டி 20 என்று கண்டுபிடிப்பார்கள். இருவர் இருவராகச் சேர்ந்து செய்வார்கள்.

தரம் 3 பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கடினமான கணக்கு. மூன்று நிறுவையிலும் ஒவ்வொரு கிலோ கழிவு போனால் கணக்கில் வருவது எவ்வளவு? 17 கிலோ. தனியாகச் செய்துவிட்டுப் பிறகு ஆசிரியரிடம் காட்டுவார்கள்.

யாராவது சும்மா குந்திக்கொண்டிருக்கிறார்களா? இல்லை. அந்தத் தரம் 1 பிள்ளை தன் வேலையைச் செய்துகொண்டே அண்ணன்மார் கழித்தல் செய்வதையும் காதில் வாங்கிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்தபின் அம்மாவின் துண்டை வாங்கிக் கணக்குப் பார்க்கக்கூடிய பிள்ளை அந்தத் தரம் 3 பிள்ளை. நம் குடும்பங்களுக்கு இதைவிடப் பிரயோசனமான கணக்கு வேறென்ன இருக்கிறது?

"எம் பிள்ளை படிக்கப் போகுதா, படிச்சிக் குடுக்கப் போகுதா?"

மூத்த பிள்ளைகளின் பெற்றோர் கேட்பது இது. நியாயமான கேள்விதான். இன்னொருவருக்கு விளக்கிச் சொல்லும்போது தனக்கே அது நன்றாகப் பதியும். கதிரவெளிக் கொட்டிலில் நமக்குக் கூட்டல் சொல்லித்தந்த அக்காமார் கணக்கில் யாருக்கும் பின்னிற்கவில்லை. ஆனால் அதற்கு அளவு உண்டு. ஒரே பிள்ளையை நாள் முழுவதும் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கவிட்டால் அது தவறு. உதவிப் பொறுப்பு வாரம் ஒருமுறை மாறவேண்டும், எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கவேண்டும். அப்படி மாறவில்லை என்றால் ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

முதல் நாளிலிருந்தே பிள்ளையை அனுப்புங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, அல்லது சான்றிதழே இல்லை என்ற காரணத்துக்காகப் பிள்ளையை லயத்தில் வைத்திருக்க வேண்டாம். அதிபரிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள். அதேநேரம் கிராம சேவகரையும் பிரதேச செயலகத்தையும் அணுகிச் சான்றிதழ் வேலையைத் தொடங்குங்கள். நலன்புரி உத்தியோகத்தர் கூட வருவார். 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி என்பது 2016 முதல் இந்நாட்டு விதி.

கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண்பிள்ளையை நிறுத்த வேண்டாம். அதற்குத்தான் பிள்ளைமடுவம், அதாவது சிறுவர் அபிவிருத்தி நிலையம், இருக்கிறது.

காலையில் வெறும் தேத்தண்ணியோடு அனுப்ப வேண்டாம். ஒரு துண்டு ரொட்டியாவது கொடுங்கள். கூட்டு வகுப்பில் பிள்ளை தானாக இருந்து வேலை செய்ய வேண்டிய நேரம் கூட. பசித்த பிள்ளையால் அது முடியாது.

பின்னேரம் ஒரு கேள்வி கேளுங்கள். "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு யாரோட இருந்து செஞ்ச? அத எனக்கும் செஞ்சி காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பாட்டியின் முன்னால் ஒரு பக்கத்தை உரத்து வாசிக்கட்டும். பாட்டி கதையைக் கேட்டால் போதும்.

பிள்ளையின் முன்னால் "இந்த ஸ்கூல் சரியில்ல" என்று பேச வேண்டாம். குறை இருந்தால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வந்து பேசுங்கள்.

எப்போது கேள்வி கேட்க வேண்டும்?

பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொல்லிப் போவது சரியல்ல. முதல் தவணை முடியும்போது ஆசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "என் பிள்ளை வாசிப்பில் எதுவரை வந்திருக்கு? கணக்கில் எதுவரை வந்திருக்கு?" நன்றாக நடக்கும் கூட்டு வகுப்பில் இதற்குத் தெளிவான பதில் இருக்கும். பதில் இல்லையென்றால், அல்லது ஒரு தரம் நாள்தோறும் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருக்கிறதென்றால், அல்லது ஆசிரியர் இல்லாத நாட்கள் அதிகமென்றால், அதிபரிடம் சொல்லுங்கள். அங்கும் சரிவரவில்லை என்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். தனித்தனியாகப் பேசுவதைவிடப் பத்துப் பெற்றோர் ஒன்றாகக் கையொப்பம் இட்ட கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

கடைசியாக ஒரு வார்த்தை. வேன் காசு கட்டக்கூடியவர் பிள்ளையை மாற்றலாம், அது அவரது உரிமை. ஆனால் ஐந்து வீடு மாற்றினால் பாடசாலையில் பிள்ளைகளின் தொகை குறையும். தொகை குறைந்தால் இருக்கும் ஆசிரியரையும் வேறிடத்துக்கு எடுப்பார்கள். பிறகு ஒருநாள் கதவு மூடும். அப்போது மிஞ்சுவது சீட்டு எடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளை மழையிலும் பனியிலும் பல மைல் நடக்கும், அல்லது நின்றுவிடும்.

இதையெல்லாம் அந்தத் தாயிடம் சொன்னோம். அவர் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டே, "சரிங்க ஐயா, மொதத் தவணை முடியட்டும். நானே போயி டீச்சர்கிட்ட அந்த ரெண்டு கேள்வியையும் கேக்குறேன்" என்றார்.

நாம் எல்லோரிடமும் கேட்பதும் அதுதான். முதல் தவணை முழுவதும் பிள்ளையை ஒழுங்காக அனுப்புங்கள். பிறகு போய்க் கேளுங்கள்.